கடைசிப் பக்கத்தில் பால் பொங்கியது

அந்தக் கடைசிப் பக்கத்தை மூடு கண்ணு. மூடுன்னா மூடு. யாருடா இவ, முன்னப்பின்ன தெரியாதவ வந்து அதட்டறான்னு பாக்கறியா? நல்லாப் பாரு. பின்னட்டையைத் திருப்பினீன்னா அங்கயும் இதே மூஞ்சிதான் இருக்கும். போட்டோ எடுத்து இருபது வருசம் ஆச்சு, முடி மட்டும் கருப்பா இருக்கும். துளசிமணி. உன் கையில இருக்கறது நான் எழுதின நாவல்.

உன்னைக் குத்தம் சொல்லல. கோபி பஸ் ஸ்டாண்டுல பாக்கெட் நாவல் வாங்கற பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான். கடைக்காரர் ஜமால் பாய் இதோ நிக்கறார், கேட்டுப் பாரு. ஏனுங் பாய், நான் சொல்றது பொய்யா? பாத்தியா, தலையாட்டறார். வெளிய கயித்துல கிளிப் போட்டுத் தொங்க விட்டிருக்கறதுல ஒண்ணை உருவுவாங்க, நேராக் கடைசிப் பக்கத்துக்குப் போவாங்க. சேந்துட்டாங்களா? அப்ப வாங்கலாம். சேரலையா, செத்துட்டாளா? மறுக்கா கிளிப்புல மாட்டிருவாங்க. நம்ம ஊட்ல இருக்கற அழுகை பத்தாதா, இதை வேற வெல குடுத்து வாங்கணுமாம்பாங்க. நான் அவங்களைத் தப்பே சொல்ல மாட்டேன். மில்லுக்குப் போயிட்டு வந்து, பஸ்ஸுக்கு நிக்கற பத்து நிமிசத்துல ஒருத்தி புத்தகம் வாங்கறான்னா அவ காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

உனக்கு எந்த வண்டி? சத்தியமங்கலமா? அது வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். எனக்குக் குன்னத்தூர் போகணும், பத்தே முக்காலுக்கு. உக்காரு. பாய், அந்த ஸ்டூலை இந்தப் பக்கம் தள்ளுங்க.

இந்தக் கடைக்கு நான் கல்யாணமான மூணாம் மாசத்துல இருந்து வந்துட்டிருக்கேன். அப்ப பாயோட அப்பா இருந்தார். எங்க மாமியா என்னை வெளிய விடறது செவ்வாக்கிழமை ஒரு நாள்தான், சந்தைக்கு. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் பையில போட்டுக்கிட்டு இங்க வந்து நின்னுட்டே படிப்பேன். வாங்க வழி இல்ல. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை கேக்கல. நான் நிறுத்தின எடத்துல ஒரு பஸ் டிக்கெட்டை வெச்சு, அந்தக் காப்பியை உள்ள எடுத்து வெச்சுக்குவார். நான் படிச்சு முடிக்கற வரைக்கும் அதை யாருக்கும் விக்க மாட்டார். ஒரு நாவலுக்கு நாலு செவ்வாக்கிழமை ஆகும். இப்பவும் எனக்கு மனசு சரியில்லைன்னா கோயிலுக்குப் போகமாட்டேன், இங்கதான் வருவேன்.

கோயமுத்தூர்ல பெரிய பெரிய புத்தகக் கடை இருக்குது, தெரியும். ஏசி போட்டு, சோபா போட்டு. போன வருசம் ஒண்ணுக்குப் போனேன். துளசிமணி நாவல் இருக்குதுங்களான்னு கேட்டேன். பில் போடறவர் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, "பெண்கள் நாவலுங்களா மேடம், அந்தக் கடைசி அலமாரி"ன்னார். போய்ப் பாத்தா கோலப் புத்தகத்துக்கும் சமையல் புத்தகத்துக்கும் நடுவுல தரையோட தரையா இருக்கறேன். எடுத்துத் தூசியைத் தொடச்சு வெச்சுட்டுத் திரும்பி வந்து, "ஆம்பளைங்க நாவல் எந்த அலமாரிங்க"ன்னு கேட்டேன். அவருக்குப் புரியல. "அப்படி இல்லீங்க மேடம், அது வெறும் நாவலுங்க"ன்னார். "அப்ப நான் எழுதறது மட்டும் என்னங்க, நாவல் மாதிரி ஒண்ணா?"ன்னேன். பில் போட வந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டுமே. வெக்கப்பட வேண்டியது நான் இல்ல. அங்க ஒரு மணி நேரம் இருந்து, மூணு புத்தகம் வாங்கிட்டுத்தான் வந்தேன். கடை மேல எனக்குக் கோபம் கிடையாது. புத்தகக் கடை மேல எனக்கு எப்பவுமே கோபம் வராது.

சரி, கடைசிப் பக்கத்துக்கு வாறேன். எனக்குப் பதிப்பாளர் வேதகிரி சார்னு ஒருத்தர், மெட்ராஸ்ல. மாசத்துக்கு நாலு நாவல் போடறவர். அவரும் கடைசிப் பக்கம் பாக்கற ஆளுதான். நூத்திப் பன்னெண்டு பக்கம் நாவல். முதல் மூணு பக்கம் படிப்பார், கடைசி ஒரு பக்கம் படிப்பார். நடுவுல நான் கொலையே பண்ணினாலும் அவருக்குத் தெரியாது. "கடைசிப் பக்கத்துல ஒரு மங்கலம் வேணும்மா, அப்பத்தான் சரக்கு நகரும்"னு முதல் நாவலுக்கே சொல்லிப்போட்டார். கடைசி வரிக்குக் கீழ சுபம்னு போட்டே ஆகணும். சரின்னு நானும் ஒரு வழி கண்டுபுடிச்சேன். கடைசிப் பக்கத்தை முதல்ல எழுதிருவேன். அந்த ஒரு பக்கம் அவருக்கு. மீதி நூத்திப் பதினோரு பக்கம் எனக்கு. இப்படியே முப்பத்தேழு நாவல் எழுதியாச்சு.

முப்பத்தேழாவது இப்ப உன் கையில இருக்குது. "மருதாணிச் சாயலில் ஒரு மாலை". தலைப்பைப் பாத்து ஏமாந்துறாதே. அது வேதகிரி சார் வெச்சது. உள்ள மருதாணியும் கிடையாது, மாலையும் கிடையாது. நான் வெச்சது "அமுதவல்லி கிளம்பிட்டா".

அமுதவல்லி நல்லவ இல்ல. அதனாலதான் எனக்கு அவளைப் புடிக்கும். கறிக்குழம்பு வெச்சா நல்ல துண்டா நாலு எடுத்துத் தன்னோட சோத்துக்கு அடியில ஒளிச்சுக்குவா. வெள்ளிக்கிழமை விரதம்னு மாமியாகிட்டச் சொல்லிப்போட்டு பேக்கரியில பப்ஸ் தின்பா. ஓரகத்தி புது வளையல் போட்டா ஒரு வாரத்துக்கு இவளுக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் முதல் மூணு பக்கத்துலயே வந்துருச்சா, வேதகிரி சார் போன் பண்ணிட்டார். "கதாநாயகி திருடித் தின்னலாமாம்மா? படிக்கறவங்களுக்கு அவ மேல பரிதாபம் வர வேண்டாமா?" "பசிச்சவளுக்குப் பரிதாபம் எதுக்குங்க, கறி போதும்"னேன். சிரிச்சுட்டு வெச்சுட்டார்.

அவ புருசன் அடிக்கறவன் இல்ல, குடிக்கறவனும் இல்ல. அதைக் கவனி. அடிச்சான், அதனால போனான்னு எழுதினா எல்லாரும் ஒத்துக்குவாங்க, உச்சுக் கொட்டுவாங்க. அதை எழுதறதுக்கு நான் எதுக்கு? அந்த ஊட்ல அவளை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. என்ன சாப்பிடறே, எங்க போகலாம், இந்தச் சீலை புடிச்சிருக்குதா, ஒண்ணும் கிடையாது. எட்டு வருசம் அப்படி. ஒரு நாள் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறா. ஒரு மாடி ரூம் புடிச்சு, வேலைக்குப் போறா. அவ்வளவுதான் கதை.

இப்ப கடைசிப் பக்கம். நீ பாத்தியே, என்ன இருந்துச்சு? பால் பொங்குது. அமுதா புதுச்சீலை கட்டியிருக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கறாங்க, சக்கரை போட்டுக் குடிக்கறாங்க. "இனி இதுதான் என் வீடு" என்று அமுதவல்லி நினைத்தாள். அவள் கண் நிறைந்தது. சுபம். நீ என்ன நெனச்சே? புருசனோட தனிக்குடித்தனம் போயிட்டான்னுதானே? எல்லாரும் அதான் நெனச்சாங்க. வேதகிரி சாரும் அதான் நெனச்சார். அது அவ தனியாப் புடிச்ச மாடி ரூம்னு தெரியணும்னா அதுக்கு முந்தின நூத்திப் பதினோரு பக்கத்தையும் படிச்சிருக்கணும்.

எம் மாப்பிள்ளையும் அதான் நெனச்சார். அங்கதான் வந்துச்சு வினை.

எனக்கு ஒரே பொண்ணு, நிறைமதி. பி.பார்ம் படிச்சவ. அவங்கப்பா தவறின அடுத்த வருசம் திருப்பூர்ல கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை சபரிநாதன், பனியன் கம்பெனி வெச்சிருக்கார். தங்கமான மனுசன், இப்பவும் சொல்றேன். ஒரு பழக்கம் உண்டு. மதிகிட்ட யார் என்ன கேட்டாலும் அவர் பதில் சொல்லுவார். இன்னொரு தோசை வெக்கட்டுமா மதின்னு நான் கேட்டா, "அவளுக்குப் போதுங்க அத்த"ம்பார். எங்க வலிக்குதும்மான்னு டாக்டர் கேட்டா, "அவளுக்கு இடுப்புலங்க"ம்பார். பொண்டாட்டி மேல எவ்வளவு பாசம்னு நான் பூரிச்சுப் போயிருக்கேன். என்ன கண்ணு அப்படிப் பாக்கறே? அமுதா கதைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அமுதாவை யாரும் எதுவும் கேக்கறதில்ல. மதியை எல்லாரும் கேக்கறாங்க, அவர் பதில் சொல்றார். ரெண்டும் வேற வேற.

மதிக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலைக்குப் போகணும்னு ஆசை. அவர் வேண்டாம்னுட்டார். ஒரு வருசமா இதே பேச்சு. அந்த நேரம் பாத்து தீவாளி நோம்பிக்கு என் நாவல் வருது. மாப்பிள்ளை திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கார். கடைசிப் பக்கத்தைத் திருப்பியிருக்கார். பால் பொங்குது, பொண்டாட்டி சிரிக்கறா, சுபம். மனுசனுக்கு ஒரே சந்தோசம். நாப்பது காப்பி வாங்கிட்டார். கம்பெனியில வேலை செய்யறவங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு ஸ்வீட் பாக்ஸோட ஆளுக்கு ஒண்ணு. மதிக்கும் ஒண்ணு. உள்பக்கத்துல தன் கையாலயே எழுதிக் குடுத்திருக்கார்: "உங்க அம்மாவே எழுதியிருக்காங்க. படிச்சுப் பார்."

படிச்சுப் பாத்துட்டா.

மூணாம் நாள் மத்தியானம், தோ, அந்த நாலாம் நம்பர் பிளாட்பாரத்துல வந்து இறங்கறா. ஒரு பை, கக்கத்துல இந்த நாவல். நாப்பது பேர் படிச்சாங்க கண்ணு. ஒருத்தி ஊட்டை விட்டுப் போனாளா? விசாரிச்சுட்டேன், ஒருத்தியும் போகல. நாவல் படிச்சுப் பொம்பளைங்க கெட்டுப் போறாங்கன்னு சொல்றாங்களே, அவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். போனது எம் பொண்ணு ஒருத்திதான்.

நான் என்ன சொன்னேங்கறே? எல்லா அம்மாவும் சொல்றதைத்தான் சொன்னேன். வந்தது வந்துட்டே, ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னேன். "நான் போறதுக்கு வரலம்மா"ன்னா. "அவருக்கு என்னடி குறை?"ன்னேன். "அமுதா புருசனுக்கு என்னம்மா குறை?"ன்னா. அது நாவல்டின்னேன். "நூத்திப் பன்னெண்டு பக்கமும் படிச்சேன்மா. எனக்கு நாவலாத் தெரியல"ன்னா. வாயாடி. சின்னதுல இருந்தே அப்படித்தான். திருப்பூர் போனதுக்கு அப்பறம்தான் வாய் அடங்கிப் போச்சு, பொறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சிருந்தேன்.

அப்பறம் கேளு. சம்பந்தி வீட்ல சும்மா இருப்பாங்களா? நேரா மெட்ராசுக்கே போன் போட்டுட்டாங்க. வேதகிரி சார் அன்னைக்குத்தான் நடுப்பக்கத்தைப் படிச்சிருக்கார் போல. எனக்குக் கூப்பிட்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ரெண்டாம் பதிப்புல ரெண்டே ரெண்டு பக்கம் மாத்திக் குடுத்துருங்க. புருசன் வந்து மன்னிப்புக் கேக்கறான், அவ கூடப் போறா. கடைசிப் பக்கம் அப்படியே இருக்கட்டும், அது அருமையா இருக்கு." மாத்த மாட்டேன்னேன். "உங்க குடும்பத்துக்காகத்தாம்மா சொல்றேன்." மாத்த மாட்டேன்னேன். "அப்ப முப்பத்தெட்டாவது நாவலுக்கு நீங்க வேற எடம் பாத்துக்கணும்." "பாத்துக்கறேன். எடம் கிடைக்கலைன்னா எழுதி வெச்சுக்கறேன். அமுதா ஒரு அடி எடுத்து வெச்சுட்டா, அவளைக் கழுத்தைப் புடிச்சுத் திருப்பற வேலையை நான் செய்ய மாட்டேன்"னேன். போனை வெச்சுட்டு ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன். இருபத்திரண்டு வருசம் எழுதின எடம் கண்ணு. ஒரு நிமிசத்துல போச்சு. போகட்டும். அதுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல.

கார்த்திகையில குன்னத்தூர்ல வெச்சுப் பேசினாங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒறம்பரை, சொந்தக்காரர் ஒருத்தர், சென்னியப்பன் மாமா, அவர் ஊட்ல. பத்துப் பேர் இருந்தாங்க. மதியை நடுவுல ஒரு சேர்ல உக்கார வெச்சுட்டாங்க. மாமா நல்ல மனுசன். எடுத்த எடுப்புல அவளைத்தான் கேட்டார். "ஏம்மிணி, நீ என்ன சொல்றே?"

மாப்பிள்ளை சொன்னார்: "வர்றதுக்கு அவளுக்கு இஷ்டந்தானுங்க மாமா. மனசு கொஞ்சம் குழம்பிப் போச்சு, அவ்வளவுதான்."

மதி வாயைத் திறந்தா. மூடிக்கிட்டா. என்னைப் பாத்தா. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

அப்பத்தான் சம்பந்தியம்மா ஆரம்பிச்சாங்க. "மதியைச் சொல்லி என்னங்க ஆகப் போகுது? அந்தப் பொஸ்தகத்துல வர்றாளே, அவளைச் சொல்லோணும். ஓடிப்போனவளைக் கொண்டாடினா ஊடு வெளங்குமா? அதை மாத்தி எழுதச் சொல்லுங்க முதல்ல."

ஓடிப்போனவளா? எனக்கு வந்துச்சு பாரு கோபம்! எந்திரிச்சு நின்னுட்டேன். "ஓடலீங்க சம்பந்தி. நடந்து போனா. பட்டப்பகல்ல, பையைத் தூக்கிட்டு, பத்து மணி பஸ்ஸுக்கு நின்னு போனா. அவளைத் திருடித் தின்னவன்னும் சொல்லுவீங்க. ஆமா, நாலு துண்டு கறி திருடினா. அவ வெச்ச குழம்புல அவளுக்கு ஒரு துண்டு எடுத்து வெக்கோணும்னு அந்த ஊட்ல யாருக்குத் தோணுச்சு? எட்டு வருசம் வாயே திறக்காம இருக்கறவளுக்கு நல்லவன்னு பேர் குடுப்பீங்க, எந்திரிச்சுப் போனா ஓடிப்போனவம்பீங்களா? அவளுக்கு வாய் இருக்குது. அவளுக்கு என்ன வேணும்னு அவ சொல்லட்டும். அவளைத் திரும்பி வரச் சொல்றதுக்கு நீங்க யாரு, நான் யாரு? எழுதின எனக்கே அந்த உரிமை கிடையாது!"

அரை மணி நேரம் பேசினேன் கண்ணு. ஒரு ஆள் அசையல. காபி கொண்டாந்த பொம்பளை தட்டைக் கையில வெச்சுக்கிட்டே நின்னுட்டா. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. சென்னியப்பன் மாமா, "நீங்க மேடையில பேசோணுமுங்க"ன்னார். சம்பந்தியம்மா வாயை மூடினவங்க மூடினவங்கதான்.

அப்பறம் மாமா மெதுவாக் கேட்டார். "அது கதைங்க. நம்ம மதி விசயத்துக்கு என்ன சொல்றீங்க?"

நான் உக்காந்துட்டேன். "அதைப் பெரியவங்க நீங்க பாத்துச் சொல்லுங்க"ன்னேன்.

வேற என்ன சொல்றது? பத்துப் பேர் கூடியிருக்கற எடத்துல, பொண்ணைப் பெத்தவ நானே எடுத்தெறிஞ்சு பேச முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. தை பொறக்கட்டும், மறுக்கா பேசலாம்னு முடிச்சுட்டாங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ல மதி ஜன்னல் ஓரம் உக்காந்திருந்தா. கொளப்பலூர் தாண்டியாச்சு. நான்தான் கேட்டேன், "எப்படிடி பேசினேன்?"னு. திரும்பி என்னைப் பாத்தா. அழல. அழுதிருந்தாக்கூட எனக்குப் பரவாயில்ல.

"நீ அமுதாவுக்கு அரை மணி நேரம் பேசினேம்மா. எனக்கு ஒரு வரி. அதுவும் அவங்க கையில என்னைத் தூக்கிக் குடுத்துட்டே."

"அப்படி இல்லடி..."

"இன்னொண்ணு கேக்கறேன். உன் கதையில வர்றவங்க ஒருத்திக்கும் ஏம்மா அம்மாவே இல்ல?"

"இருப்பாங்கடி. நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா. பத்து வயசுல இருந்து நான் உன் நாவலைப் படிக்கறேன். எல்லா அம்மாவும் செத்துத்தான் போயிருக்கறாங்க. அவங்க உசுரோட இருந்தா இவங்க யாராலயும் கிளம்ப முடியாதுன்னு உனக்கே தெரியும்."

அவ்வளவுதான் சொன்னா. அடுத்த நாள் காலையில கோயமுத்தூர் போயிட்டா. காந்திபுரத்துல ஒரு மருந்துக் கடையில வேலை, லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கறா. இப்ப மாசி. மூணு மாசமா ஒரு பேச்சு கிடையாது. நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வளத்தது நான், படிக்க வெச்சது நான், புத்தகத்தைக் கையில குடுத்ததும் நான். அவ எனக்கே விமர்சனம் சொல்றா.

அவ சொன்னது பொய்யின்னு காட்டோணும்னு வீராப்பா நேரா இங்கதான் வந்தேன். பாய்கிட்ட என் நாவல் முப்பத்தேழும் இருக்குது, ஒரு அலமாரி அடியில. எல்லாத்தையும் எடுத்துப் போடுங்கன்னேன். அந்த ஸ்டூல்லதான் உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்தேன். முதல் நாவல்ல அம்மா பிரசவத்துலயே போயிட்டா. ரெண்டாவதுல சுவத்துல மாலை போட்ட படம். அஞ்சாவதுல பஸ் ஆக்சிடெண்ட். எட்டாவதுல காசிக்குப் போனவ திரும்பி வரல. ஒரு நாவல்ல அம்மா உசுரோட இருக்கறா. அப்பாடான்னு சந்தோசமா அடுத்த பக்கத்தைத் திருப்பினா, பக்கவாதம் வந்து பேச்சு கிடையாது. பதினேழு, பதினெட்டு, எல்லாத்துலயும் கருமாதி. அமுதவல்லி நாவல் அம்மாவோட பதினாறாம் நாள்லதான் ஆரம்பிக்குது. அதை எழுதிட்டு மறந்தவ நான். பாய் டீ வாங்கிக் குடுத்தார்.

கதைக்கு அது வசதிதான் கண்ணு. நூத்திப் பன்னெண்டு பக்கத்துல அம்மாவையும் வெச்சுக்கிட்டு ஓட்ட முடியாது. அவ வந்து போகாதேம்பா. அழுவா. ஊர் என்ன சொல்லும்பா. ரெண்டு அத்தியாயம் வீணாப் போயிரும். அப்படின்னுதான் நான் பாய்கிட்டச் சொன்னேன். சொல்லிட்டு இருக்கறப்பவே எனக்குள்ள ஒரு கேள்வி வந்துச்சு. அம்மான்னா அப்படித்தான் பேசுவான்னு நான் எப்படி முடிவு பண்ணினேன்? எங்கம்மா அப்படிப் பேசினாங்க. நான் என் மாமியா ஊட்ல இருந்து ஒரு தடவை பையைத் தூக்கிட்டுப் போயிருக்கேன், உனக்குச் சொல்றதுக்கு என்ன. வாசப்படி ஏற விடல. அதே பஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. நல்லதுக்குத்தான்னு இத்தனை வருசம் சொல்லிட்டிருந்தேன். நல்லதுக்கா? எனக்குத் தெரியல.

இன்னைக்குக் குன்னத்தூர்ல மறுபடியும் பேசறாங்க. பதினொண்ணரைக்கு. மதி கோயமுத்தூர்ல இருந்து நேரா வர்றா. நேத்து அவகிட்ட இருந்து ஒரு மெசேஜ், மூணு மாசத்துல முதல் தடவை. "நீ வர வேண்டாம்மா. நானே பேசிக்கறேன்." அவ்வளவுதான்.

நான் போறேன். வேண்டாம்னு அவ சொன்னாச் சொல்லட்டும். சம்பந்தியம்மா மூஞ்சியைத் திருப்பட்டும். பத்துப் பேர் என்ன, நூறு பேர் இருக்கட்டும். மரியாதையாவது ஒண்ணாவது! அமுதாவுக்காகப் பதிப்பாளரையே தூக்கிப் போட்டவ நான். அமுதாவை நான் மாத்தவும் இல்ல, மாத்தவும் மாட்டேன். ஆனா அவ காயிதத்துல இருக்கறவ, அவளுக்கு ஒண்ணும் ஆகிறாது. சேர்ல தனியா உக்காரப் போறவ எம் பொண்ணு.

நேத்துப் பூரா உக்காந்து எழுதிப் பாத்தேன், அங்க போய் என்ன பேசறதுன்னு. அஞ்சு பக்கம் எழுதினேன். படிச்சுப் பாத்தா எல்லாம் அமுதா பேசற மாதிரியே இருக்குது. வீராவேசம். கிழிச்சுப் போட்டேன். மறுக்கா எழுதினா எங்கம்மா பேசற மாதிரி வருது. அதையும் கிழிச்சேன். இது ரெண்டும் இல்லாம ஒரு அம்மா எப்படிப் பேசுவா? முப்பத்தேழு நாவல் எழுதினவளுக்கு அதுல ஒரு வரி எழுதத் தெரியல கண்ணு. பழகவே இல்ல.

அதோ, குன்னத்தூர் வண்டி வந்துருச்சு. அந்தப் பையை எடு. நீ அந்த நாவலை வாங்கறதுன்னா வாங்கு, வேண்டாம்னா வெச்சுட்டுப் போ, எனக்கு வருத்தம் இல்ல. எதுக்கும்மா வந்தேன்னு வாசல்லயே நின்னு கேப்பா. எம் பொண்ணை எனக்குத் தெரியும். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. தெரியாமயேதான் போறேன்.